லுணுகலைக் கச்சேரி கேசட்

"அந்தக் கேசட்டத் தர ஏலாது. உங்கள அனுப்பின ஸரூக்கிட்டயே போய்ச் செல்லுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு புடவைக் கட்டுகளை அடுக்கத் தொடங்கினான் ஹுமைத்.

வாசலில் நின்ற முதியவரும் அவர் மனைவியும் அசையவில்லை. காலை பஸ்ஸில் கொஸ்லந்தைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். அவர் பெயர் மரியநாயகம், அந்த அம்மாள் இருதயம்மா.

பதுளைக் கடைவீதியில் ஹுமைத் புடவைக்கடை வைத்திருந்ததெல்லாம் பேருக்குத்தான். அவன் உயிரே கச்சேரி கேசட்டில்தான் இருந்தது. எங்கே மேடை போட்டாலும் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய், ஸ்பீக்கர் பெட்டிக்குக் கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். எல்லவிலும் பண்டாரவளையிலும் அவனைப் போலவே சில பைத்தியங்கள் இருந்தார்கள். தங்களுக்குள் கேசட்டுக்குக் கேசட் மாற்றிக்கொள்வார்களே ஒழிய, சும்மா கொடுக்கிற பேச்சே கிடையாது.

அதிலும் லுணுகலைக் கச்சேரி என்றால் சொல்லவே வேண்டாம். போன வருஷம் அந்த ஊர் மாதா கோயில் திருநாளில் பாடிவிட்டுத் திரும்பும்போது இசைக்குழுவின் வேன் பசறை வீதியில் பள்ளத்தில் விழுந்தது. பாடகர் குயிலனோடு இன்னும் மூன்று பேர் அதே இடத்தில் போய்ச் சேர்ந்தார்கள். பேப்பரில் குயிலன் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அந்த மனுஷன் கடைசியாகப் பாடியதைப் பதிவு செய்து வைத்திருந்தது உலகத்திலேயே ஹுமைத் ஒருவன்தான்.

பண்டாரவளை ஸரூக் அதற்காக எத்தனையோ பேரைத் தூது விட்டுப் பார்த்துவிட்டான். இப்போது வயசான ஆட்களை அனுப்பிப் பரிதாபம் தேடுகிறான் என்று ஹுமைதுக்கு ஆத்திரம் பொங்கியது.

"ஸரூக்குன்னா யாருன்னே தெரியாதுங்க மொதலாளி" என்றார் மரியநாயகம். "எங்க மகன் கொரலு அந்தக் கேசட்டுல இருக்குன்னு சொன்னாங்க. அந்த வேன்லதாங்க போயிட்டான்."

ஹுமைதின் கையிலிருந்த புடவைக் கட்டு நழுவியது.

"அடுத்த கெழம கப்பல் ஏறுறோம்ங்க. அரசாங்கத்துல எங்கள இந்தியாவுக்குன்னு எழுதிட்டாங்க. புள்ளைய இந்த மண்ணுல விட்டுட்டுப் போறோம். ஒரு போட்டோகூட எடுத்து வைக்கல பாருங்க. கொரல மட்டுமாச்சும் கொண்டு போயிறலாம்னுதான்..."

ஹுமைதுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. குயிலன் என்பது மேடைக்கு வைத்துக்கொண்ட பெயர் என்று தெரியும். தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறார்கள் என்று யார் கண்டது! குயிலனைப் பெற்றவர்களையா நாய் மாதிரி வாசலில் நிற்க வைத்து விரட்டினேன் என்று வெட்கமாகப் போய்விட்டது.

"யா அல்லாஹ்! முந்தியே செல்லக் கூடாதா ஐயா? உள்ளுக்கு வாங்க. அம்மா, நீங்களும் வாங்க, இரிங்க."

கடைக் கதவைப் பாதி சாத்தினான். பக்கத்துக் கடையிலிருந்து தேத்தண்ணி வரவழைத்தான். உள்ளறைப் பெட்டியில் வெல்வெட் துணி சுற்றி வைத்திருந்த கேசட்டை எடுத்து ரெக்கார்டரில் போட்டான். இருதயம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, ரெக்கார்டரில் காது படுகிற அளவுக்குக் குனிந்துகொண்டாள்.

குயிலன் பாட ஆரம்பித்ததுமே ஹுமைதுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெற்றவர்களுக்கோ ஒரு சொட்டு வரவில்லை. அழுது அழுது வற்றிப் போயிருக்கும், பாவம் என்று நினைத்துக்கொண்டான். ஒவ்வொரு பாட்டும் முடிகிற நேரத்தில் மட்டும் இருவரும் சட்டென்று நிமிர்ந்தார்கள். அடுத்த பாட்டு தொடங்கியதும் திரும்பவும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள்.

கடைசிப் பாட்டும் முடிந்து ரெக்கார்டர் டக்கென்று நின்றது.

"இம்புட்டுதானுங்களா மொதலாளி?" என்று கேட்டார் மரியநாயகம்.

"ஒரு பாட்டும் விடல்ல ஐயா" என்றான் ஹுமைத், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "இந்த மாதிரிச் சுத்தமான கேசட்டு ஒருத்தன்கிட்டயும் இல்ல. சிநேகிதன்ட ரெக்கார்டரையும் வாங்கி வந்து, மாசக்கணக்கா உக்காந்து இந்தக் கேசட்டுக்கு மாத்தி எடுத்தது. நடுவுல ஒருத்தன் மைக்கப் புடிச்சிக்கிட்டு, அடுத்த பாட்டு இது, தபேலா வாசிக்கிறது இவருன்னு சளசளன்னு பேசிக்கிட்டே இருப்பான். கைதட்டு, விசில், அவன்ட பேச்சு எல்லாத்தையும் ஒரு சொல்லு மிச்சம் வைக்காம வெட்டிட்டேன். இப்ப உங்கட மகன்ட பாட்டு மட்டும்தான் ஈக்கி."

மரியநாயகம் மனைவியின் தோளைப் பற்றிக்கொண்டார். ஹுமைத் அதைப் பார்த்து இன்னும் உருகிப்போனான்.

"முதல்ல புடிச்ச கேசட்டையும் நான் வீணாக்கல்ல. அதுக்கு மேலயே ஹாலிஎல கச்சேரியப் புடிச்சிட்டேன். வெத்துக் கேசட்டு கெடைக்கிற காலமா இது?" என்றவன், சட்டென்று ஒரு முடிவுக்கு வந்தான். ரெக்கார்டரைத் திறந்து, எவருக்கும் ஒரு நாள் இரவலாகக்கூடக் கொடுக்காத அந்தக் கேசட்டை எடுத்து இருதயம்மாவின் கையில் வைத்து மூடினான். "கொப்பி எடுத்துத் தந்தா சத்தம் கொறையும் அம்மா. இதையே கொண்டு போங்க. எனக்கு வேணாம். பெத்த உங்களுக்கு இல்லாத உரிமையா எனக்கு?"

இருதயம்மா கேசட்டை, அவன் மனம் நோகக் கூடாதே என்பது போல மெதுவாக மேசைமேல் வைத்தாள். வந்ததிலிருந்து வாய் திறக்காதவள் அப்போதுதான் பேசினாள்.

"எங்க புள்ள பாடுனவன் இல்ல தம்பி, நடுவுல பேசுனவன்."