மேடையில் பேசியவருக்குக் கொடுத்தது

மேடையில் இருந்த இளைஞன் பேசி முடித்தபோது, கடைசி வரிசையில் கணக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கணக்குப் பிரிவில் அவளுக்கு அதுதான் பெயர்.

"என் துணைவருக்கு உடம்பு முடியாம போனப்போ, அவரையும் குடும்பத்துல ஒருத்தரா ஏத்துக்கிட்டு மருத்துவக் காப்பீடு கொடுத்த கம்பெனி இது" என்று அவன் சொன்னதும் அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. தன்பாலினத்தவருக்காகக் கம்பெனி எடுத்த விழா என்பதால் தூணுக்குத் தூண் வானவில் நிறத் துணி. எல்லோர் சட்டையிலும் வானவில் பட்டை.

கணக்கம்மாவால் கைதட்ட முடியவில்லை.

பதினோரு வருடமாக அவள் ஒரு பெண்ணோடு குடும்பம் நடத்துகிறாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், வாயாடி, ஊரையே சிரிக்கவைப்பவள். இப்போது பித்தப்பையில் கல்லை வைத்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறாள்.

அலுவலகத்துக்கு அவள் வெறும் 'கூடத் தங்கியிருக்கிற தோழி'. அப்படிச் சொல்லித்தான் கணக்கம்மா போன மாதம் அவளுக்குக் காப்பீடு கேட்டாள்.

"தோழிக்கெல்லாம் கொடுக்க ஆரம்பிச்சா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதாம்மா" என்று சிரித்து அனுப்பிவிட்டார் பணியாளர் பிரிவு மேலாளர்.

உண்மையைச் சொல்ல நாக்கு எழவில்லை. கிடங்கில் ஒப்பந்தத்தில் இருந்த ஒருவர், தன் துணையும் ஓர் ஆண்தான் என்று சொல்லிப் பார்த்தார். அடுத்த முறை அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டதற்கு ஆள்குறைப்பு என்றார்கள். அவர் ஒருவர்தான் குறைந்தார்.

இளைஞன் பக்கவாட்டு வழியாக வெளியே போவதைப் பார்த்தாள். எழுந்து ஓடினாள். லிஃப்ட் வாசலில் பிடித்துவிட்டாள்.

"தம்பி, ஒரு நிமிஷம். உங்க வீட்டுக்காரர் பேரை எப்படிச் சேர்த்தீங்க? யாரைப் பார்க்கணும்? என் வீட்லயும்... பொண்ணுதான்."

அந்தக் கட்டடத்துக்குள் அவள் அதைச் சொன்னது அதுவே முதல் தடவை.

அவன் முகம் சுண்டிப்போனது. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, தணிந்த குரலில் பதில் சொன்னான். "மன்னிச்சிருங்கக்கா" என்றும் சொன்னான். கதவு மூடிக்கொண்டது.

அவள் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். பிறகு போய் முகம் கழுவிக்கொண்டு அரங்கத்துக்குத் திரும்பினாள்.

மேலாளர் கேக் மேசையருகே விருந்தாளிகளோடு நின்றிருந்தார். ஒரு பத்திரிகைக்காரி, ஒரு கேமராக்காரர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த இயக்குநர் அம்மாள்.

"சார், மேடையில பேசின தம்பிக்குக் கொடுத்ததை எனக்கும் கொடுங்க" என்றாள். குரல் அவளுக்கே ஆச்சரியமாக, நிதானமாக வந்தது. "எனக்கும் பொண்டாட்டி இருக்கா. அவளுக்கு ஆபரேஷன் பண்ணணும்."

பக்கத்தில் கேக் தின்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள்.

"அதுக்கெல்லாம் ரூல்ஸ் பார்க்கணும்மா..."

"பார்த்துத்தானே சார் அவருக்குக் கொடுத்திருப்பீங்க? எந்தப் பிரிவுல இருக்கார்னு மட்டும் சொல்லுங்க. எப்படி வாங்கினார்னு நானே போய்க் கேட்டுக்கறேன்."

"ஆமா சார், எந்தப் பிரிவு?" என்று பத்திரிகைக்காரி பேனாவை எடுத்தாள். "எனக்கும் அவர்கிட்ட கொஞ்சம் பேசணும்."

மேலாளருக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. "சேர்த்துடலாம்மா. நாளைக்கு வாங்க, சேர்த்துடலாம்."

"நாளைக்கு எதுக்கு? இன்னைக்கே சேருங்க" என்றார் இயக்குநர் அம்மாள், கேமராவைப் பார்த்துப் பெருமையாக.

"எனக்கு மட்டும்னு வேண்டாம் மேடம். விதியிலயே எழுதிடுங்க. ஒப்பந்தத்துல இருக்கறவங்களுக்கும் சேர்த்து."

இயக்குநர் அம்மாளின் சிரிப்பு ஒரு கணம் தடுமாறியது. கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

"கண்டிப்பா" என்றார்.

கணக்கம்மா கணக்குப் பிரிவுக்குப் போய்த் தன் இருக்கையில் உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கை அக்கா மூச்சிரைக்க வந்து சேர்ந்தாள்.

"ஏண்டி, இத்தனை வருஷமா பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன். என்கிட்டகூட மூச்சு விடலையே!" என்று முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். அப்படியே தோளோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"அது கிடக்கட்டும். அந்தத் தம்பி எந்த செக்ஷன்? நான் இந்த ஆபீஸ்ல பார்த்ததே இல்லையே."

"நீங்க மட்டுமா? நாடகக் குழுவுல இருக்கற பையனாம்க்கா. காலையில நம்ம ஊழியர். சாயந்திரம் வேற மேடையில ராஜாவாம்."