நாற்காலியைக் காணோம்

பௌத்திர ஆபரேஷன் முடிந்து ஒசாகா ஆபீசுக்குத் திரும்பிவிட்டான் இகராஷி. லீவு எடுத்தபோது அவன் சொன்ன காரணம், காய்ச்சல்.

"தையல் போடலியா டாக்டர்?" என்று கேட்டிருந்தான்.

"மேல தச்சு மூடினா உள்ளே சீழ் கட்டிக்கும். புண் திறந்தே இருக்கட்டும். அடியிலேருந்து சதை வளர்ந்து தானா மூடிக்கும்."

அதுவரை உட்கார்ந்தால் உயிர் போகும். தன் மேசையில் என்றால் அடிக்கடி எழுந்து சமாளிக்கலாம். மீட்டிங்கில் எழுந்தால் மானம் போய்விடும்.

வந்த முதல் நாளே இரண்டு மணி நேர மீட்டிங். பயந்துகொண்டே போனான். அறையில் ஒரு நாற்காலிகூட இல்லை!

"உட்கார்ந்தா எல்லாரும் தூங்கறீங்க. இனிமே நின்னுட்டுத்தான் மீட்டிங்" என்றார் மேனேஜர் குரோய்வா.

"மனுஷனா இந்த ஆளு?" என்று பல்லைக் கடித்தாள் பக்கத்து மேசை ஹதானோ. இகராஷி மட்டும் எந்தச் சாமி புண்ணியமோ என்று மனதுக்குள் கும்பிட்டான்.

மாதம் ஒன்று ஓடியது. புண் மூடியது. கேண்டீனில் நிம்மதியாக உட்கார்ந்து நூடுல்ஸ் சாப்பிட்டான். மறுநாள் மீட்டிங் அறைக்கு நாற்காலிகள் திரும்பியிருந்தன.

"அப்பாடா! கிழத்துக்கு இப்பத்தான் புத்தி வந்திருக்கு" என்றாள் ஹதானோ.

மீட்டிங் முடிந்து எல்லோரும் போனபின் குரோய்வா குரலைத் தாழ்த்தினார்.

"லீவு முடிஞ்சு வந்த அன்னிக்கு ரயில்ல உன்னைப் பார்த்தேன். பக்கத்துல சீட் காலியாக் கெடந்தும் நின்னுட்டே வந்தே. காய்ச்சல்காரன் நிப்பானா? நேத்து கேண்டீன்ல உட்கார்ந்து சாப்பிட்டதையும் பார்த்தேன். எனக்கு மூடறதுக்கு ரெண்டு மாசம் ஆச்சுப்பா."

இகராஷி இடுப்பை மடித்து ஆழமாக வணங்கினான்.

"பாத்துக் குனிப்பா" என்று பதறினார் குரோய்வா. "புதுச் சதை!"