மேலே இருந்தவர்

பென்ஷன் அலுவலகத்தின் பழைய மெயின்பிரேம் கணினியில் கணவனின் பெயர் மேலே இருக்கும்; மனைவியின் பெயர் அதற்குக் கீழே தொங்கும். தேடல் ஆமையாய் ஊர்ந்ததால், அதை வேகப்படுத்தக் கணினிப் பிரிவு ஆல்பர்ட்டை அழைத்தார்கள். இறந்துபோன கணவன்மார்தான் சுமை என்று அவன் அத்தனை பேரின் பதிவுகளையும் அழித்தான். இயந்திரம் பறந்தது. மேலதிகாரி அவனுக்குச் சால்வை போர்த்தினார். அடுத்த மாதம், இறந்த கணவருக்காகத் தனக்கு வரும் பென்ஷன் வரவில்லை என்று மரகதவல்லி வந்து நின்றாள். ஆல்பர்ட் அவளுடைய பென்ஷன் எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் திரையில் பதில் வந்துவிட்டது: அப்படி யாரும் இல்லை. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. “மேல இருக்கறவர எடுத்தா கீழ இருக்கறவங்களும் சேர்ந்து போயிடுவாங்கம்மா. சிஸ்டம் அப்படி,” என்றான். அவள் உயிரோடிருப்பதற்கான சான்றிதழை மடித்துப் பைக்குள் வைத்தாள். “புகுந்த வீட்லயும் அதத்தான் செஞ்சாங்க தம்பி. ஆனா அவரோட பதினாறாம் நாள் காரியம் முடியற வரைக்குமாவது பொறுத்தாங்க.”