பதில் வராத போன்

வீட்டுக்கு வந்த பெண் நிருபர் எவ்வளவு கேட்டும், போர்க்காலத்தைப் பற்றி அம்மா வாய் திறக்கவில்லை.

“சொல்லும்மா, மனசு லேசாகும்” என்றாள் மகள்.

“அப்ப நான் டெலிபோன் ஆபரேட்டர். விமானம் வருதுன்னு தெரிஞ்சதும் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ‘எல்லாரையும் வெளியேத்துங்க’ன்னு கத்தினேன். எடுத்தவங்க பதிலே பேசலை. கொஞ்ச நேரத்துல குண்டு விழுந்த சத்தம். அன்னிக்கே நாங்க ஊரைவிட்டு ஓடிட்டோம். நாப்பது வருஷமா அந்த மௌனம் என்னைக் கொல்லுது.”

நிருபர் நோட்டை மூடினாள். “போனை எடுத்த நர்ஸ் எங்கம்மாதான். உங்களைத் தேடித்தான் வந்தேன். ரிசீவரை அப்படியே போட்டுட்டு நோயாளிகளைத் தூக்க ஓடினாங்களாம். ஒருத்தர் விடாம பிழைச்சுட்டாங்க.”

அம்மா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்தபடியே சிரித்தாள்.

“ஒரு ‘சரி’ சொல்லிட்டு ஓடியிருக்கக் கூடாதா, பாவி மக!”