நுவட்டைக்கு ஐந்து பொருள்

உமையாள் நீட்டிய விரலைப் பாதியில் நிறுத்தினாள்.

மேஜையில் ஐந்து அட்டைகள் கவிழ்ந்து கிடந்தன. நான்குதான் இருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம். அந்த அகராதி அலுவலகத்தில் இருந்த ஒரே சந்தோஷம் இந்த விளையாட்டு. ஒருவர் யாருக்கும் தெரியாத வட்டாரச் சொல் ஒன்றைப் பெட்டியிலிருந்து எடுப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பொய்ப் பொருள் எழுதிக் கொடுப்பார்கள். நிஜத்தையும் அதில் கலந்து வாசித்துவிட்டு, அட்டைகளைக் கவிழ்த்து வைப்பார். எது நிஜமோ அதன் மேல் விரல் வைக்க வேண்டும்.

தலைமைப் பதிப்பாசிரியர் பூவலிங்கம் ஆறு வருடங்களில் ஒருநாள்கூட இதற்கு வந்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகச் சாப்பிடுகிற மனிதர்.

இன்று வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"இன்னைக்கு நான் வாசிக்கிறேனே."

பெட்டியைத் தொடவில்லை. சட்டைப்பையிலிருந்து எடுத்தார்.

"நுவட்டை."

அது அவள் கொண்டுவந்த சொல்.

மூன்று பேரும் எழுதிக் கொடுத்தார்கள். அவர் நிதானமாக வாசித்தார்.

மழைக்காலத்தில் மாட்டின் குளம்பில் வரும் புண். அது செந்தூரான். அவனுக்கு எப்போதும் வியாதிதான் தோன்றும்.

தேங்காய் துருவிய பின் சிரட்டையில் ஒட்டியிருப்பது. அது ஜெசிந்தா அக்கா.

பந்தக்காலில் கட்டும் மாவிலைக் கொத்து. அது அவள், இப்போது எழுதியது.

கிணற்றில் மாடு கட்டி நீர் இறைக்கும் கமலைச் சால் ஒழுகினால் அதில் வைத்துத் தைக்கும் தோல்துண்டு.

பூவலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு ஐந்தாவதை வாசித்தார்.

விருந்தாளிகள் போன பிறகு வீட்டில் மிஞ்சும் அமைதி.

அதுவும் அவள் எழுதியதுதான். மூன்று வருடத்துக்கு முன்பு, இதே மேஜையில், இதே விளையாட்டில்.

நான்காவதுதான் நிஜம். சிவகங்கைப் பக்கத்தில் சேவுகன் என்ற கிணறு வெட்டுகிறவரிடம் அவளே கேட்டு எழுதிக்கொண்டு வந்தது.

விளையாட்டுக்கென்று தனித்தாள் யார் தேடுவார்கள். பொய்யையும் அலுவலக அட்டையிலேயே எழுதினார்கள். அந்த ஒரு பொய் மட்டும் கிழிபடாமல் தப்பி, அச்சுக்குப் போகிற கட்டோடு எப்படியோ சேர்ந்துவிட்டது. மூன்றாம் தொகுதி, நானூற்றுப் பதினோராம் பக்கம். வாசகர்கள் உருகி உருகிக் கடிதம் எழுதினார்கள். ஒருவர் புது வீட்டுக்கு நுவட்டை என்றே பெயர் வைத்தார்.

அவள் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அன்றைக்கே வேலை போயிருக்கும்.

போன வாரம் ஒரு பேராசிரியர் பத்திரிகையில் கேட்டுவிட்டார், இந்தப் பொருளை உங்களுக்கு யார் சொன்னது என்று. திங்கட்கிழமை கமிட்டி கூடுகிறது. பலி கொடுக்க ஒரு ஆள் வேண்டும். அவளுடைய ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. இருப்பது ஒரே ஒரு நிரந்தர வேலை. அதற்குச் செந்தூரானும் மனுப் போட்டிருக்கிறான்.

மூன்று வருடத்துக்கு முன்பு அவனும் இந்த மேஜையில் இருந்தான். இப்போது தன் டிபன் பாக்ஸ் மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான். போட்டுக் கொடுத்தது அவன்தான். துரோகி.

நான்காவதில் விரல் வைத்தால், அச்சில் இருப்பது பொய் என்று தெரிந்தும் மூடி மறைத்தவள். ஐந்தாவதில் வைத்தால், நிஜத்தைக் கையால் எழுதி வந்துவிட்டுப் பொய்க்குச் சாட்சி சொல்கிறவள். இரண்டு பக்கமும் கண்ணி வைத்துவிட்டுத்தான் அவர் வந்து உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா உமையாள்? நீ கொண்டுவந்த சொல்லு. உனக்கே தெரியலையா?"

குரலில் தேன் சொட்டியது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருடமாகத் தான் அலைந்து கொண்டுவந்த சொற்களுக்கெல்லாம் முன்னுரையில் இந்த ஆளின் பெயர்தான் இருக்கிறது.

ஐந்தாவது அட்டையில் விரலை ஊன்றினாள்.

அவர் சிரித்தார். "நிச்சயமா?"

"நிச்சயமா அய்யா. திருப்புங்க."

"எதுக்கு அவசரம்?"

"மேல இருக்கிறது என் எழுத்து. நானே ஒத்துக்கறேன். கீழ ஓரத்துல, சரிபார்த்தேன்னு யாரு கையெழுத்துப் போட்டிருக்காங்க?"

ஜெசிந்தா அக்கா மோர் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"கையெழுத்து இல்லாம இங்கேருந்து ஒரு அட்டை அச்சுக்குப் போகாதே அய்யா. திங்கக்கிழமை நானும் வரேன். இதே அட்டைய எடுத்துட்டு வாங்க. ரெண்டு பேரும் சேர்ந்தே காட்டுவோம்."

பூவலிங்கம் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர் என்று அலுவலகத்துக்கே தெரியும். அவர் முகத்தில் அவள் முதல்முறையாகப் பயத்தைப் பார்த்தாள். அது அவளுக்கு இனித்தது.

செந்தூரான் எதையோ சொல்ல வாயெடுத்தான்.

"நீ சும்மா இருப்பா" என்றார்.

பிறகு அவள் விரலுக்கடியிலிருந்து ஐந்தாவது அட்டையை மெல்ல உருவித் தன் பையில் வைத்துக்கொண்டார்.

"சரிதாம்மா. இதான் நிஜம். திங்கக்கிழமையும் இதான்."

ஆட்டம் முடிந்ததும் பொய் அட்டைகளைக் கிழித்துப் போடுவது வழக்கம். அவர் மிச்சம் நான்கையும் ஒன்றாகச் சேர்த்தார். மூன்று அட்டைகள் புதியவை. ஒன்று, சேவுகன் சொன்னது, ஓரம் மஞ்சளித்திருந்தது.

அவளிடம் மட்டும் கேட்டார்.

"கிழிச்சிரலாமா?"

சேவுகன் அன்றைக்குக் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். எழுதியதை ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார். "இப்பச் சரியா இருக்கு தாயி" என்றார்.

"கிழிங்க அய்யா" என்றாள்.