தொடாமல் எழுப்பிய பெட்டி

அருந்ததி பெட்டியின் மூடியைக் கழற்றி மேசையில் கவிழ்த்துவிட்டு, புதிய சிப்பின் கால்களை நகத்தால் ஒவ்வொன்றாக நேராக்கினாள்.

 இந்த வேலையில் அவள் கை தவறியதேயில்லை.

உருத்திரபுரத்து வாய்க்கால் குழுவின் கட்டடத்தில் அந்தக் காலைவேளை மூன்று பேர்தான் இருந்தார்கள். மேசைக்கு முன்னால் அவள். அவளுக்குப் பின்னால் கதிரையில் அவளுடைய கணவன் நடராசா, குழுவின் செயலாளன். எதிரே, பெட்டி சொல்வதை எழுதிக்கொள்ளக் கொப்பியும் பென்சிலுமாகச் சுப்பம்மா.

பத்து மணிக்குக் கூட்டம். சுப்பம்மாவின் புருசன் சுடலைமுத்துவுக்கு இந்தச் சிறுபோகத்தின் மிச்சத் தண்ணீரை வெட்டுவதா விடுவதா என்று முடிவெடுக்கப் போகிறார்கள். வெட்டினால், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் இரண்டு ஏக்கர் நெல்லும் கருகிப்போகும்.

ஒன்பது நாளுக்கு முந்திய செவ்வாய், வாய்க்கால் பூட்டு நாள். ஒருவரும் மதகுக் கதவைத் தூக்கக்கூடாது. புதன் விடியப் போய்ப் பார்த்தால் வாய்க்காலில் ஒரு முழம் தண்ணீரைக் காணவில்லை.

கதவுப் பூட்டின் திறப்புச் சாவி முறை வைத்து வீட்டுக்கு வீடு மாறும். மாறுகிற நேரம் பின்னேரம் ஆறு மணி. செவ்வாய் ஆறு மணிக்கு அது சுடலைமுத்துவின் கைக்குப் போனது, புதன் காலை அவன் வீட்டு வளைமரத்தில் தொங்கியது. எழுபத்தேழுக் கலவரத்தில் அடி வாங்கிக்கொண்டு மலைநாட்டிலிருந்து வந்து, ஐந்து வருடமாக இங்கே மண்ணோடு மல்லுக்கட்டுகிற ஒருவன்மேல் பழி போட வேறென்ன வேண்டும்? ஊருக்கு அதுவே தாராளம்.

ஆனால் பெட்டிக்குத் தெரியும். கதவு உயரும் ஒவ்வொரு தடவையும் நாளையும் மணியையும் குறித்துவைக்கும்படி, கட்டுப்பெத்தையில் பொறியியல் படித்துவிட்டு வந்த அருந்ததிதான் அதைச் செய்து கதவடியில் பொருத்தியிருந்தாள். ஆறு மணிக்கு முன் என்றால் சுடலைமுத்து தப்பினான். பின் என்றால் தொலைந்தான்.

வந்த வினை, செவ்வாய் இரவே பெட்டியின் பெரிய பற்றரி இறங்கிப் பெட்டி படுத்துவிட்டது. மணிக்கூட்டுப் பற்றரி ஒன்று மட்டும் குறித்தவையெல்லாம் கிடந்த நினைவுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தது.

“இஞ்சேரும், பழைய சிப்போட ஒருக்கா ஓன் பண்ணிப் பாருமன். ஏன் சும்மா மினைக்கெடுறீர்?” என்றான் நடராசா.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டி என்ன செய்யவேண்டும் என்ற கட்டளைகளைத் தாங்கிய பழைய சிப்பும் அவள் எழுதியதுதான். அது எழும்பியதும் நினைவின் ஒவ்வொரு கட்டத்திலும் ஓர் எண்ணை எழுதி, திருப்பி வாசித்து, கட்டம் நல்லதா என்று சோதித்து, எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கும். எழுதியபோது அந்தத் துப்புரவை நினைத்து அவளுக்கே பெருமையாக இருந்தது. இப்போது அதை எழுப்பினால் செவ்வாய்க்கிழமையும் சேர்ந்து துடைபட்டுப்போகும்.

கையிருப்பில் கிடந்த இன்னொரு சிப்பை, செத்தல் மிளகாய் காய்ந்த பாயிலேயே ஒரு கிழமை வெயிலில் போட்டு, அதில் முன்பு எழுதியிருந்ததை அழித்தாள். பார்த்தவர்கள் சிரித்தார்கள். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்று அவள் காகம் கலைத்தாள்.

பிறகு அதில் நூற்று நாற்பது வரி எழுதினாள். ஒரு வரிகூட நினைவில் ஒரு புள்ளி வைக்காது. நடுவில் ஒரு வேலைக்குப் போய்த் திரும்பி வா என்று சொன்னால், திரும்பவேண்டிய இடத்தை எங்கேயாவது குறிக்கவேண்டும். அந்தக் குறிப்பும் நினைவில்தான் போய் விழும். ஆகவே அவள் எங்கும் போய்வரச் சொல்லவில்லை. வேண்டிய இடத்திலெல்லாம் அதே வரிகளைச் சலிக்காமல் திரும்ப எழுதினாள். இடையில் கைச்சாமான் வைக்க, மூளைச் சிப்புக்குள்ளேயே இருக்கிற ஏழு சின்ன அறைகள் போதும் என்று முடிவுகட்டினாள்.

மெழுகி ஈரம் காயாத நிலத்தில் கால் படாமல் அலுமாரியைத் திறக்கிற மாதிரி வேலை. அவள் திறப்பாள். அதில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

சிப்பை அழுத்திப் பொருத்தினாள். கார் பற்றரியைக் கொழுவி, சுவிச்சைத் தட்டினாள்.

எட்டுச் சிவப்பு விளக்குகள் ஒரு தரம் மினுங்கி நின்றன. பொத்தானை அழுத்த அழுத்த, குறித்துவைத்தது ஒவ்வொன்றாக விளக்கில் வந்தது. அவள் வாசிக்க, சுப்பம்மா பென்சிலை நாக்கில் தொட்டுத் தொட்டு எழுதினாள். வெள்ளி காலை ஆறு. சனி காலை ஆறு. திங்கள் காலை ஏழு. ஒன்றும் அழிந்திருக்கவில்லை. அருந்ததிக்குத் தன்னைத் தானே தட்டிக்கொடுக்கலாம் போலிருந்தது.

அடுத்தது செவ்வாய். மணிக்காக இன்னொரு தரம் அழுத்தினாள்.

வலப்பக்கத்து நான்கு விளக்குகளும் எரிந்தன. எட்டும் நான்கும் இரண்டும் ஒன்றும். பதினைந்து. இருபத்துநாலு மணிக் கணக்கில் பின்னேரம் மூன்று.

சுடலைமுத்து தப்பிவிட்டான் என்ற சந்தோசம்தான் முதலில் வந்தது. அடுத்த மூச்சில், செவ்வாய் ஆறு மணிவரை திறப்புத் தொங்கிய வீடு எது என்பது உறைத்தது.

சுப்பம்மா பென்சிலோடு காத்திருந்தாள். இந்த விளக்குகளை வாசிக்கத் தெரிந்தவள் ஊரில் அருந்ததி ஒருத்திதான். இருபத்திரண்டு, இரவு பத்து மணி என்று சொன்னாலும் சுப்பம்மா அப்படியே எழுதிக்கொள்வாள். பின்னால் நடராசா கதிரையை விட்டு எழும்பும் சத்தம் கேட்டது.

“செவ்வாய்க்கிழமை பின்னேரம் மூண்டு மணி, அக்கா. திறப்பு அப்ப எங்கட வீட்டில கிடந்தது.”

சுப்பம்மா மணியை எழுதினாள். திறப்பு யார் வீட்டில் என்பதை எழுதத் துணிவில்லாமல் அருந்ததியின் தோளுக்கு மேலாக நடராசாவைப் பார்த்தாள்.

அருந்ததி கொப்பியை வாங்கி, அதைத் தானே எழுதி, கீழே கையெழுத்தும் வைத்தாள்.