கடைசிப் பெஞ்சுக்கு வந்த சமாதானம்

அவர் கடைசிப் பெஞ்சில், சுவரோரம் போய் உட்கார்ந்தார்.

முன்பெஞ்சில் அவருடைய இடம் காலியாகத் தெரிந்தது.

தெரியட்டும்.

குருவானவர் ஜெபத்தில் தாசையாவின் பெயரைச் சொன்னார். இந்த வாரமும்.

“எங்கள் சகோதரனுடைய விசுவாசம் பெருகுகிறதற்காக, அவர் எங்கள் எல்லார்மேலும் வைத்திருக்கிற அன்புக்காக, ஸ்தோத்திரம் ஆண்டவரே.”

சபை ஆமென் என்றது.

கடைசிப் பெஞ்சில் அவர் இருமினார்.

தாசையா சபைக்கு வந்து மூன்று வருஷம்கூட ஆகவில்லை. அதற்கு முன்னால் சாராயக்கடை வாசலில் விழுந்து கிடந்தவன். அவரோ இதே ஆலயத்தில் ஞானஸ்நானம் வாங்கியவர். கூரையைப் பிரித்து ஓடு போட்டபோது ஓடு சுமந்தவர். அவருக்காக ஒருநாளும் ஒருத்தரும் ஸ்தோத்திரம் சொன்னதில்லை.

விழுந்து எழுந்தவனுக்குத்தான் சொல்வார்கள் போல. விழாமலே நின்றவன் நிற்கட்டும்.

இந்தச் சபையில் சமாதானம் கை வழியாக வரும். அப்பமும் ரசமும் கொடுக்கிற இராப்போஜனத்துக்கு முன் குருவானவர் பீடத்தில் ஒருவருடைய கையைத் தன் இரண்டு கைக்குள் பொத்திக் கொடுப்பார். வாங்கியவர் படி இறங்கி முன்பெஞ்சுக்குக் கொடுப்பார். அங்கிருந்து ஆளுக்கு ஆள், பெஞ்சுக்குப் பெஞ்சு, பின்னால் போகும்.

இத்தனை வருஷமும் பீடத்தில் வாங்கி இறங்கியது அவர்தான்.

போன வாரம் கமிட்டியில் பேசிவிட்டார்கள். பெரியவருக்கு முட்டு வலி, படி ஏற வேண்டாம், இனிமேல் தாசையா வாங்கட்டும்.

முட்டு வலி என்று அவர் யாரிடமும் சொன்னதே இல்லை.

இப்போது தாசையா படி இறங்கினான். வெள்ளைச் சட்டை. பொத்திய கை.

முன்பெஞ்சில் எல்லாரும் கை நீட்டினார்கள்.

அவன் நிற்கவில்லை. நடுவழியே நடந்து வந்தான். பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின.

நேரே சுவரோரம் வந்து நின்றான்.

“இங்க வந்து உக்காந்துக்கிட்டா விட்டுருவனா அண்ணாச்சி? ஒங்களுக்குக் குடுத்துட்டுதான் மத்தவங்களுக்கு.”

இதற்கும் அடுத்த வாரம் ஒரு ஸ்தோத்திரம் உண்டு என்று அவர் நினைத்தார்.

முகத்தைக் கிட்டே கொண்டுபோனார்.

“குடிச்சிருக்கியால?”

“வாரா வாரம் மோந்து பாக்கியளே. என்னைக்காவது வந்துச்சா?”

பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.

வரவில்லை. சோப்பு வாசனைதான் வந்தது.

அவர் கையை நீட்டினார். தாசையா இரண்டு கைகளாலும் பொத்தினான்.

“சமாதானம், அண்ணாச்சி.”

காய்ப்பேறிய கை. சூடு.

இந்தக் கையை அவருக்குத் தெரியும். மழைக்காலத்தில் காய்ச்சலில் கிடந்தபோது வீட்டுக்கு வந்து தூக்கி உட்கார வைத்த கை. அழுக்கு வேட்டியை அவிழ்த்து அலசிப் போட்ட கை. அதைக் குருவானவரிடம் அவர் சொல்லவில்லை. சொன்னால் அதையும் ஜெபத்தில் வைத்து ஊருக்குச் சொல்லிவிடுவார்.

அது ஊருக்கு இல்லை.

ஆனால் அந்த மழைக்காலத்தில் தெரு முழுக்கக் காய்ச்சல். இந்தக் கை எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும். எத்தனை பேரை இதே மாதிரி தூக்கியிருக்கும்.

அப்போதுதான் அவருக்கு வயிறு சரியாக எரிந்தது.

தாசையா கையை மெல்ல உருவப் பார்த்தான்.

முன்னால் சபை முழுவதும் திரும்பி நின்றது. ஒருவருக்கும் இன்னும் சமாதானம் வந்து சேரவில்லை.

“அண்ணாச்சி, விடுங்க. எல்லாரும் காத்துக்கிட்டு நிக்காங்க.”

நிற்கட்டும்.

அவர் இன்னொரு கையையும் கொண்டுவந்து மேலே வைத்தார்.